ஹாஜிரா அக்கா மன்னிக்கவில்லை

கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தேர்வு அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அழைப்பு அலுவலகத்துக்குத்தான் வந்தது. "மேடம், தாம்பரத்துலேர்ந்து போன். அந்தப் பொண்ணு அழுதுகினே பேசுது" என்று உதவியாளர் வந்து சொன்னார். ஹாஜிரா அக்காவின் மகள் ஷமீமா. "ஆன்ட்டி, அம்மா மௌத்தாயிட்டாங்க. காலைல டீ போடப் போனாங்க, அங்கேயே..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. நான் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்த் தேர்வு முடியும்வரை என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து கிளம்ப வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. மாணவிகளின் தாள்களை வாங்கி அடுக்கிக் கட்டிய பிறகுதான் தாம்பரத்துக்குக் கிளம்பினேன்.

மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது கூடம் முழுக்கப் பெண்கள். அவரை வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். கத்திப் பேசும் அந்த வாய் மூடியிருந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யாரையும் வெறுக்கத் தெரியாத மனசு. சொந்தத் தம்பி சாவுக்குக் காரணமானவனையே மன்னிச்சவங்க இவங்க." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

மௌத்து வீட்டில் சண்டை போடக் கூடாது என்பதற்காக அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். ஹாஜிரா அக்காவை அறிந்தவர்களே, அவரிடம் கயிறு வாங்கியவர்களே, உங்கள் தெரு மரங்களை அவர் கையால் சீராக்கிக்கொண்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் யாரையும் மன்னிக்கவில்லை. அவர் செய்த நல்லது எல்லாம் அந்த மன்னிக்காத மனத்திலிருந்து வந்தது. அதை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு, அவருக்கு ஒரு புனிதவதி வேடம் போட்டு அனுப்பப் பார்க்கிறீர்கள்.

தாம்பரம் மார்க்கெட்டில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை அவருடையது. கணவர் இளவயதிலேயே காலமானபின் அவரும் தம்பி ரஃபீக்கும்தான் அதை நடத்தினார்கள். "நல்ல கயிறா ஒண்ணு குடுங்க" என்று யாராவது கேட்டால் போதும். "எதைக் கட்ட? ஆட்டைக் கட்டவா, பாரத்தைக் கட்டவா, தூக்கு மாட்டிக்கவா? அதைச் சொல்லு முதல்ல. அப்புறம் எடுத்துத் தரேன்" என்பார். கேட்டவர் முகம் வெளிறும். பின்னால் நிற்கும் ரஃபீக் சிரித்துக்கொண்டே, "அக்கா சும்மா சொல்லுது சார், நீங்க உள்ள வாங்க" என்று சமாதானம் செய்வான். கடைக்கு ஆட்கள் வந்தது பாதிக்கு மேல் அவன் சிரிப்புக்காகத்தான். அக்காவை விட அவன் மிகவும் இளையவன். தாய் தகப்பன் போனபின் ஷமீமாவோடு சேர்த்து அவனையும் தன் பிள்ளையாகவே வளர்த்தவர் அவர்.

ரஃபீக் சிட்லபாக்கத்தில், ஏரிப் பக்கமாக எங்கள் தெருவில் குடியிருந்தான். மாதாந்திர வாடகைக்கு ஒரு மாடி அறை. காலையில் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் முன் என் வீட்டுக் கதவைப் பார்த்து, "மேடம், கடைக்குப் போறேன், ஏதாவது வேணுமா?" என்று கேட்காமல் போகமாட்டான். எங்கள் தெருவின் இருபுறமும் குல்மோஹர் மரங்கள். வெயில் காலத்தில் தெருவே சிவப்பாக இருக்கும். அந்த அழகை நம்பித்தான் நாங்கள் எல்லாரும் அங்கே வீடு கட்டினோம்.

அந்த வருடம் மழைநீர்க் கால்வாய் வந்தது. ஜேசிபி ஒன்று மரங்களின் ரோட்டுப் பக்க வேர்களைக் கத்தரித்துக்கொண்டே போனது. கால்வாய் முடிந்ததும் நடைபாதைக்கு என்று அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசினார்கள். ஆகஸ்டில் மழைக்கு முந்தைய மரக்கழிப்பு, அதாவது கிளைகளை வெட்டிக் குறைக்கும் வேலை. கால்வாயை எடுத்த அதே காண்டிராக்டர்தான் அதையும் எடுத்திருந்தார். அவர் ஆட்கள் ஒரே பகலில் தெரு முழுவதையும் முடித்தார்கள். ரோட்டுப் பக்கம் நீண்டிருந்த பருத்த கிளைகளை எல்லாம் விறகுக்காக வெட்டி லாரியில் ஏற்றினார்கள். வீடுகளின் பக்கம் சாய்ந்திருந்த பாரத்தை அப்படியே விட்டார்கள். உச்சியை மொட்டை அடித்தார்கள். வெட்டின இடமெல்லாம் கிழிந்து நாராகத் தொங்கியது. அந்தக் காண்டிராக்டர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயர் அச்சில் வருவதை மிகவும் விரும்புகிறவர் அவர்.

நவம்பரில் புயல் வந்தது. விடாத மழையால் மார்க்கெட்டில் மதியமே கடைகளை அடைத்துவிட்டார்கள். ரஃபீக் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததால் வண்டியை எங்கள் தெருவிலேயே ஓரங்கட்டி, மரத்துக்கு அந்தப் பக்கம் வீட்டு மதிலோரம் ஒதுங்கிச் சட்டை முனையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்ததை எதிர்வீட்டுப் பெண் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். மரம் முறியும் சத்தம்கூடக் கேட்கவில்லையாம். சிமென்டைப் பெயர்த்துக்கொண்டு அடியோடு அவன் மேல் சாய்ந்திருக்கிறது. நாங்கள் குடையை வீசிவிட்டு ஓடினோம். கிளைகளை விலக்க எங்களில் ஒருவர் கையிலும் ஒரு ரம்பம் இல்லை. ரம்பம் வந்தபோது அவன் உயிரோடு இல்லை.

அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஹாஜிரா அக்காவுடன் தெருக்காரர்கள் சார்பில் நானும் போனேன். அதுவரை அவரைக் கடையில் பார்த்திருக்கிறேனே தவிரப் பழக்கம் இல்லை. அதிகாரி, கோப்பில் 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். மூலையில் நின்றிருந்த காண்டிராக்டர் மெதுவாக முன்னால் வந்தார்.

"இன்னாக்கா பண்றது, எல்லாம் அவன் செயல். காத்து மேல கேஸா போட முடியும்?"

அக்கா எழவும் இல்லை, அழவும் இல்லை. "காத்து மேல போடல. உன் மேல போடப் போறேன்" என்றார்.

"போடுங்கக்கா. மரம் வுழுந்ததுக்குலாம் கேஸு நிக்காது" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். அவர் சொன்னது உண்மைதான். வழக்கு நிற்கவில்லை. வக்கீல் ஒருவர் கோப்பைப் பார்த்துவிட்டு, "எக்ஸ்பர்ட் சாட்சி இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று கையை விரித்தார்.

அப்போதுதான் அவர் என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். தாவரவியல் துறை வாசலில் கறுப்புப் புர்காவோடு நின்று, "எஸ்தர் மேடம், நீங்க மரத்துக்குப் படிச்சவங்கதானே? வந்து அந்த மரத்தைப் பாருங்க" என்றார். விழுந்த மரத்தின் அடிக்கட்டையை அப்போதும் யாரும் அகற்றியிருக்கவில்லை. நாங்கள் இருவரும் தெருவோரம் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். ஒரு பக்க வேர்கள் கத்தியால் சீவினதுபோல முடிந்திருந்தன. பழைய வெட்டுக்காயம் ஒன்றின் வழியாகத் தண்ணீர் இறங்கி அடிமரத்தின் உள்ளே கருத்து அழுகியிருந்தது. நான் விரலை வைத்தேன். ஈரமான ரொட்டிபோல உதிர்ந்தது. இந்தப் பக்கம் பிடிமானம் இல்லை, அந்தப் பக்கம் முழுப் பாரம், நடுவில் அழுகல் என்று விளக்கினேன்.

"அப்போ காத்து?"

"காத்து கடைசியாத்தான் வந்துது, அக்கா."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அப்புறம் சொன்னார்: "கோர்ட்டுல ஜெயிச்சாக்கூட இவன் ஏதோ அபராதம் கட்டிட்டு அடுத்த தெருவுல இதே வேலையைச் செய்வான். நான் இவன் தொழிலைப் புடுங்கப் போறேன். மரத்தை எப்படி வெட்டணும்னு எனக்குக் கத்துக்குடுங்க."

எனக்கு அது தெரியாது. நான் இலைகளையும் பூக்களையும் பாடம் எடுத்தவள், கிளையில் ரம்பம் வைத்ததில்லை. கிண்டியில் பெரிய வளாகம் ஒன்றின் மரங்களைக் கவனித்துவந்த என் பழைய வகுப்புத் தோழரிடம் இருவரும் போனோம். விடுமுறை நாட்களில் அவர் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டோம். கிளையை அப்படியே மேலிருந்து அறுத்தால் பாரத்தில் பட்டையைக் கிழித்துக்கொண்டு விழும். முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுக்க வேண்டும், பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேண்டும், மிஞ்சும் துண்டைக் கடைசியில், கிளை அடிமரத்தோடு சேரும் கழுத்தோரமாக எடுக்க வேண்டும். அப்போதுதான் காயம் ஆறும். மொட்டை அடிக்கக் கூடாது. மொட்டை அடித்த இடத்தில் கொத்தாக முளைக்கும் கிளைகளுக்கு உறுதி கிடையாது, அடுத்த புயலில் அவைதான் முதலில் முறியும். நடுவில் நெருக்கத்தைக் குறைத்தால் காற்று ஊடே போய்விடும். அடிமரத்தைச் சுற்றிய சிமென்டை உடைத்து மண்ணைத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டாம். செய்யாமல் விடத்தான் ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

பின்னாளில் அவரை 'மரங்களின் தாய்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதைப் படித்துவிட்டு அவர் எனக்கு போன் செய்து திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எங்கள் கல்லூரியில் மரம் நடும் விழாவுக்கு அவரை ஒருமுறை கூப்பிட்டோம். மரக்கன்றைக் கையில் கொடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "எனக்கு மரம் புடிக்காதுங்க. என் தம்பி மேல விழுந்தது மரம்தான். நட்டுட்டு போட்டோ புடிச்சுக்கிட்டுப் போயிடுறீங்க. அப்புறம் அது வளந்து யார் தலைல விழும்னு பாக்க ஆள் இல்ல. பாக்குறதா இருந்தா நடுங்க, இல்லாட்டி வீட்டுக்குப் போங்க." முதல்வர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாணவிகள் மட்டும் ஓயாமல் கை தட்டினார்கள்.

மரம் கழிக்கும் வேலையை அவர் எங்கள் தெருவில்தான் தொடங்கினார். பிறகு ஏரிக்கரை, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று போனார். தெரு நலச் சங்கக் கூட்டங்களில் அவருக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. ஓய்வுபெற்ற ஒருவர், "மரத்துல கத்தியே வெக்கக் கூடாதும்மா, பாவம்" என்பார். இன்னொருவர், "என் கார் மேல எலை கொட்டுது, வேரோட எடுத்துருங்க" என்பார். அக்கா இருவரையும் ஒரே மாதிரி முறைப்பார். "சார், நீங்க தொடாம வெச்சிருந்தா அது அவர் கார் மேல விழும். அவர் பேச்சைக் கேட்டு எடுத்தா உங்களுக்கு நிழல் போயிடும். ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. நான் பட்ட கிளையை எடுக்குறேன், பாரத்தைச் சமன் பண்றேன். நவம்பர்ல வந்து பேசுங்க." ஒவ்வொரு தெருவிலும் அவர் வாங்கியது ஒரே உறுதிமொழி. அந்தக் காண்டிராக்டரின் வண்டி வந்தால் உள்ளே விடக் கூடாது, தனக்கு போன் பண்ண வேண்டும்.

ஆட்களையும் அந்த ஆளிடமிருந்தே இழுத்தார். எல்லப்பன் என்று ஒருவர், மரமேறுவதில் கெட்டிக்காரர். ஒருநாள் கடையில் கயிறு விலை கேட்க வந்தவரை அக்கா உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஏன், உன் முதலாளி கயிறு வாங்கித் தர மாட்டானா?"

"எங்கக்கா! அருவாள எடுத்துகினு ஏறுன்னுவாரு. வுழுந்தா உன் வெதின்னுவாரு. போன மாசம் எம் மச்சான் கீழ வுழுந்து இடுப்பு போச்சு, வந்து எட்டிக்கூடப் பாக்கல."

"என்கிட்ட வா. பெல்ட் தரேன், ஹெல்மெட் தரேன். கயித்துக்கு நான் பொறுப்பு. விழுந்தா ஆஸ்பத்திரிக்கும் நான் பொறுப்பு. ஒரே கண்டிஷன். இனிமே அவன் கூப்பிட்டா போகக் கூடாது."

எல்லப்பன் வந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். அடுத்த ஆகஸ்டில் மரத்தில் ஏற ஆள் கிடைக்காமல் அந்தக் காண்டிராக்டர் பொத்தேரிவரை அலைந்தார் என்று கேள்விப்பட்ட அன்று அக்கா பிரியாணி ஆக்கி எங்களுக்கெல்லாம் போட்டார். "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டேன். "அவன் அலையறான்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அது அழகான சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது அவருடைய சந்தோஷம்.

இனி, அந்த ஆளை அவர் மன்னித்தார் என்ற கதைக்குக் காரணமான நாளைச் சொல்கிறேன். அன்று நான் அங்கே இருந்தேன்.

சில வருடங்கள் கழித்து வந்த இன்னொரு புயல். காலையிலிருந்து சூறைக்காற்று. நாங்கள் கவனித்த தெருக்களில் இலையும் சுள்ளியும் விழுந்தன, மரங்கள் நின்றன. பெரிய ரோட்டில் அந்த ஆள் கழித்துவிட்ட மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. மதியம் மழை சற்று ஓய்ந்தபோது ஒரு பெண் முழுக்க நனைந்து அக்கா கடை வாசலில் வந்து நின்றார். காண்டிராக்டரின் மனைவி. சேலையூர்ப் பக்கம் அவர்கள் கட்டியிருந்த புது மாடி வீட்டின்மேல் வாசலில் இருந்த தூங்குமூஞ்சி மரம் சாய ஆரம்பித்துவிட்டது. லாரி வந்துபோக வசதியாக இருக்கட்டும் என்று ரோட்டுப் பக்கக் கிளைகளை அவரே வெட்டியிருந்தார். அந்தப் பக்க வேர்களை அவர் தோண்டிய கால்வாயே அறுத்திருந்தது. "தீயணைப்பு வண்டி எங்கயோ மாட்டிக்கிச்சாம். வேற யாரும் வர மாட்டேங்கறாங்க. என் மாமியார் நடக்க முடியாதவங்க, உள்ள இருக்காங்க. உங்களத்தான் நம்பி வந்தேன்" என்று அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "எல்லப்பா, பெரிய கயிறை எடு" என்றார்.

போய்ப் பார்த்தபோது மரம் மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் சாய்ந்து நின்றிருந்தது. அடியில் மண் பிளந்து, ஒவ்வொரு காற்றுக்கும் மூச்சு விடுவதுபோல மேலே எழும்பி இறங்கியது. அக்கா முதலில் எல்லப்பனையும் இன்னொருவரையும் பின்வாசல் வழியாக உள்ளே அனுப்பினார். அவர்கள் அந்தக் கிழவியை நாற்காலியோடு தூக்கி வெளியே கொண்டுவந்து எதிர்வீட்டில் சேர்த்தார்கள். வேறு யாரும் உள்ளே இல்லை என்று இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டார். அதன்பின் அந்த ஆளின் லாரியையே எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொல்லி, மரத்தின் நடுப்பகுதியிலிருந்து கயிறு கட்டி லாரியோடு இழுத்துப் பிடிக்கவைத்தார். மாடியில் ஏறி நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கவேண்டியதுதான் பாக்கி. எல்லப்பன் ரம்பத்தோடு தயாராக நின்றார். தெருவே கூடிவிட்டது.

அக்கா கையை உயர்த்தினார். "இரு எல்லப்பா."

"அக்கா, சீக்கிரம். வூடு போயிடப் போவுது" என்று காண்டிராக்டர் பதறினார்.

"ஆள் வெளிய வந்தாச்சு. இனிமே வீடுதானே? வீட்டுக்கு அவசரம் இல்ல" என்றார் அக்கா. "நீ ஒண்ணு சொல்லு. சிட்லபாக்கத்துல நீ வெட்டின மரம் விழுந்து செத்தானே, அவன் பேர் என்ன?"

அந்த ஆள் விழித்தார். "அது... உங்க தம்பி..."

"என் தம்பிதான். பேரு?"

மழைத் தண்ணீர் அவர் முகத்தில் வழிந்தது. அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. அலுவலகத்திலும் போலீஸிலும் கோர்ட்டிலும் அவர்மேல் சொன்ன புகாரில் இருந்த பெயர், அவருக்குத் தெரியவில்லை.

"ரஃபீக்" என்று அவர் மனைவிதான் சொன்னார். "ரஃபீக் அண்ணன். என் மாமியாருக்குக் கட்டில் கயிறு வாங்க வருவேன், அவர்தான் அளந்து குடுப்பாரு."

அக்கா அந்தப் பெண்ணின் தோளில் ஒரு கணம் கையை வைத்தார். பிறகு அந்த ஆளைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னார்: "இந்த வீடு நிக்கறது இவளால. உனக்கு நான் ஒண்ணும் செய்யல. இந்த மரம் விழுந்துட்டா நீ இதையும் காத்துன்னு சொல்லிடுவ. அதுக்குத்தான் விழ விடல. எல்லாரும் வாங்க, வந்து இந்த வேரைப் பாருங்க. இவன் வெட்டினது எங்க, காத்து புடுங்கினது எங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க."

எல்லப்பன் அறுக்க அறுக்க, ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இருட்டும் முன் வேலை முடிந்தது. ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை. காண்டிராக்டரின் மனைவி கொண்டுவந்த காபியை அக்கா வாங்கிக் குடித்தார். அவர் கணவர் நீட்டிய கையைப் பார்க்காததுபோல லாரியில் கட்டிய கயிற்றை அவிழ்க்கப் போனார்.

இதைத்தான் பகைவன் வீட்டைக் காத்த கருணை என்று பத்திரிகையில் எழுதினார்கள். நடந்தது ஒரு விசாரணை. கோர்ட் செய்யாததை அவர் நடுரோட்டில் மழையில் செய்தார். அந்தக் காட்சியைப் பார்த்த தெருக்காரர்கள்தான் அடுத்த வருடம் அலுவலகத்தை முற்றுகையிட்டு அந்த ஆளுக்கு வேலை கொடுக்கவிடாமல் தடுத்தார்கள். வெட்டும் முறையையும் வேர்களைத் தொடாத தூரத்தையும் ஒப்பந்தத்தில் நிபந்தனையாகச் சேர்க்கவைத்தார்கள். இருந்தாலும் அக்கா முழுதாக ஜெயிக்கவில்லை. அந்த ஆள் ஒருநாள்கூட உள்ளே போகவில்லை. நிலம் வாங்கி விற்கத் தொடங்கினார், கட்சியில் சேர்ந்தார், வெள்ளைச் சட்டை போட்டார். ஒவ்வொரு படியாக அவர் ஏறுவதை அக்கா கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். தலையணை சரியில்லை என்று நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஷமீமா என்னிடம், "ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க. அந்த ஆள் பேச்சை எடுத்தாலே பிபி ஏறுது. விட்டுத் தொலைக்கச் சொல்லுங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்வதற்குள் அக்காவே பேசினார். "எதுக்கு விடணும்? அவன் சௌகரியமா தூங்கவா? எனக்கு இது பாரமா இல்லடி. இது இல்லாம இருந்திருந்தா ரஃபீக் செத்த வருஷமே நானும் போயிருப்பேன்." பிறகு என்னைப் பார்த்து, "எஸ்தர், ஜன்னலுக்கு வெளிய அந்த மரத்தைப் பாரு. நடுக்கிளை பட்டுப்போய் நிக்குது. யார்கிட்டயாவது சொல்லு" என்றார். சொன்னேன். அவர் வீடு திரும்பும் முன் அதை எடுத்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட அரங்கில் இரங்கல் கூட்டம் நடந்தது. நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். அந்த ஆளும் வந்தார். மாலை போட்டார், மைக்கைப் பிடித்தார். "அக்கா எனக்குத் தாய் மாதிரி. என் வூட்டையே காப்பாத்துனாங்க. அன்னிக்கே என்னை மன்னிச்சுட்டாங்க. அந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்?" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். நீங்கள் கை தட்டினீர்கள்.

பேசுகிறவர்கள் பட்டியலில் நான் இல்லை. ஆனாலும் எழுந்தேன்.

"ஹாஜிரா அக்கா உங்களை மன்னிக்கல" என்றேன். "ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவும் மன்னிக்கல. இதை அவங்க உயிரோட இருக்கும்போது அவங்க கடைக்கு வந்து சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன். அவங்க பதில் சொல்ல முடியாத இடத்துல வந்து சொல்றீங்க."

"மேடம், இரங்கல் கூட்டத்துல இப்படிலாம் பேசலாமா?" என்றார் அவர்.

"பேசினது நீங்க. நான் திருத்தினேன்."

யாரோ என்னை உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. பின்வரிசையிலிருந்து எல்லப்பனும் அவர் ஆட்களும் எழுந்து நின்றார்கள். ஷமீமா முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவளும் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த ஆள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, தன் கூட வந்தவர்களைப் பார்த்துச் சைகை காட்டி, பக்கவாசல் வழியாகப் போனார்.

நான் செய்தது முறையில்லை என்று சிலர் போன் செய்து சொன்னீர்கள். இருக்கட்டும். இறந்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்கிறீர்கள். நான் நல்லதைத்தான் பேசினேன். என் பகுதியில் எத்தனையோ பேர் இப்போது புயல் நாளிலும் பயமில்லாமல் தெருவில் நடப்பது ஒரு பெண் ஓர் அநியாயத்தை மறக்க மறுத்ததால். அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

அவருடைய கடையை ஷமீமா பார்த்துக்கொள்கிறாள். ரம்பங்களும் பெல்ட்டுகளும் எல்லப்பனிடம் இருக்கின்றன. தெருக்களைத் தெருக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர் விட்டுப்போன பகையை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு சாவுக்குப் பெயர் கேட்கும் அந்தப் பிடிவாதத்தையும், சமாதானம் பேச வருகிறவர்களிடம் சிரிக்காத அந்த முகத்தையும் சேர்த்துத்தான். பெரிய ரோட்டு மரங்களின் வேலை இந்த வருடம் வேறொரு பெயரில் அந்த ஆளுக்கே மறுபடி கிடைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். மழைக்கு முன் அவர் வண்டி வரும். முதல் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஹாஜிரா அக்கா போய்விட்டார், இனிக் கேட்க ஆளில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால், வந்து பார்க்கட்டும்.